அரிசி டிரம்முக்குப் பின்னால் மூன்று காகிதங்கள்

மண்ணூர்பேட்டை,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் தேவராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை ராஜகுமாரியின் கணவன் ரவிச்சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ரேகா தங்கச்சியும் காட்டுப்பாக்கத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு என்று அந்தச் சின்ன மெஷின் காட்டுவதால் கை வரவில்லை. போனில் பேசலாமே என்பீர்கள். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் 'ஹலோ' சொல்வீர்கள், ராஜகுமாரி என் குரலைக் கேட்டதும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அதனால் இந்தக் கடிதம். ராத்திரி சாப்பாடு ஆனதும் அவளை உட்கார வைத்து, நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

அவள் அங்கே வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். போன தை மாதம் டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் பேர் சேர்ந்து வந்த காகிதம் அது ஒன்றுதான். அன்று சாயங்காலமே கற்பூரம் ஏற்றி, இனிமேல் கிரீம் பிஸ்கட்டைத் தொடுவதில்லை என்று இரண்டு பேரும் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். நான் இருபது நாள் தாங்கினேன். பிறகு ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சில்லறை இல்லை என்றார், கூடவே ஒரு பாக்கெட் வந்துவிட்டது. ஒன்றுதான் சாப்பிடுவதாக இருந்தேன். இப்படியே போய்க்கொண்டிருக்கையில், வேலைக்கு வரும் முனியம்மா அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கி, முறத்தில் மூன்று பிஸ்கட் காகிதங்களோடு கூடத்துக்கு வந்து, "இன்னாம்மா, ஊட்ல சத்தியம் பண்ணிகினு கீறீங்க, டிரம்முக்குப் பின்னாடி கடையே கீது" என்றாள். ராஜகுமாரி முறத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை மச்சான். மூன்றும் நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மறுநாள் காலையில், "நான் கொஞ்ச நாள் அண்ணன் ஊட்ல இருந்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள்.

என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்த பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஆரஞ்சு கிரீம் கலந்தவன் நான். ஒரு நாள் மேனேஜர் என்னையும், பூந்தமல்லியிலிருந்து வரும் அப்துல் கையூமையும், இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு, புதிதாகச் செய்த பால் கிரீம் பிஸ்கட்டைத் தலைக்குப் பத்து வைத்து, ருசி எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிந்ததும் தட்டில் மிச்சம் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். முதல் நாள் தட்டுக்கு ஐந்தாறு மிச்சம் இருந்தது, தித்திப்பு திகட்டியது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், எங்கள் வீட்டில் பாயசத்துக்கு ஒரு சிட்டிகை உப்பு போடுவாள் சார், திகட்டவே திகட்டாது என்று சொன்னேன். மறுநாள் உப்பு சேர்த்தார்கள், இரண்டு மிச்சம். அதற்கடுத்த நாள் கொழுப்பைக் கூட்டி, பிஸ்கட்டை மெலிசாக்கினார்கள். கடிக்கும் முன்பே கரைந்தது. பத்தையும் முடித்துவிட்டு அப்துல் கையூம், "எனக்கு வெக்கவே இல்லியே நைனா" என்றார். நாக்கோடு கரைந்துவிட்டால் வயிற்றுக்குச் சேதியே போகாதாம், அதுதான் விஷயமாம், மேனேஜர் சொன்னார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதே பிஸ்கட்டை அதே ஆள் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். உப்புக் கணக்கில் உங்கள் தங்கைக்கும் அதில் பாதி சேரும்.

இதையெல்லாம் எழுதும்போது பழைய சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வருகிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது உடைந்த பிஸ்கட்டை எடை போட்டுக் கொடுப்பார்கள். ஒற்றை அறை வாடகை வீடு, புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள். ராஜகுமாரி அந்தப் பொட்டலத்தைக் கொட்டி, உடையாததை மட்டும் முதலில் பொறுக்குவாள். திருகினால் கிரீம் ஒரு பக்கமாய் ஒட்டிக்கொண்டு வரும், அது அவளுக்கு. வெறும் பக்கம் எனக்கு. உங்கள் அம்மா இதைப் பார்த்து மாப்பிள்ளை தங்கம் என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், எட்டு மணி நேரம் அந்த ஆரஞ்சு எசன்ஸில் நின்றவனுக்கு அதன் வாசனையே ஆகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜூஸ் கடைக்காரரா என்று கேட்பார்கள். அவளுக்கோ அந்தச் சட்டையை உடனே துவைக்க மனசு வராது. ஒரு நாள் கொடியில் தொங்கவிட்டுத்தான் துவைப்பாள். நான் அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்த நாள் எனக்கு நினைவில் இல்லை, அந்தச் சட்டை தொங்கியது நினைவில் இருக்கிறது.

இப்போது வீட்டில் ஒரு வாசனையும் இல்லை மச்சான். முனியம்மா பெருக்கிவிட்டுப் போனால் அப்புறம் டிவிதான். மாத்திரையை யாரும் எடுத்து வைப்பதில்லை, நேற்று இரண்டு தடவை போட்டேனோ போடவே இல்லையோ. தப்பு என்னுடையது. இனிமேல் ஒரு துணுக்கைக்கூடத் தொடமாட்டேன், வேண்டுமானால் மறுபடி கற்பூரம் ஏற்றச் சொல்லுங்கள். அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் தங்கச்சிக்கும் எந்தக் குறையும் வராமல், முக்கியமாக இந்தச் சர்க்கரை உங்கள் தெருப்பக்கமே எட்டிப்பார்க்காமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
ரவிச்சந்திரன்.

பின்குறிப்பு (தனித் துண்டில் எழுதியிருக்கிறேன், இதை மட்டும் படித்துக் காட்டாதீர்கள்): கடிதத்தை முடித்துவிட்டு, அன்றிலிருந்து முறத்தோடு அப்படியே ஒதுக்கி வைத்திருந்த அந்தக் காகிதங்களைக் குப்பையில் போட எடுத்தேன். அன்றைக்கு முறத்தில் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு பால் கிரீம், நான் கசக்கி எறிந்தவை. மூன்றாவது ஆரஞ்சு கிரீம். அது கசங்கவே இல்லை. நாலாக மடித்து ஓரம் நீவியிருக்கிறது. காலிப் பால் கவரை இந்த வீட்டில் அப்படி மடிப்பது ஒரே ஆள். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை மச்சான். அவள் பழியையும் சேர்த்து நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்து, என் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுப் போயிருக்கிறாள். நான் ஒரு மண்ணும் தெரியாமல் ஒப்புக்கொண்டது அவளுக்குத் தெரிய வேண்டாம். முன்னால் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் படியுங்கள். மூன்றும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்க வரும்போது, ஒன்றே ஒன்றைத் திருகி கிரீம் பக்கத்தை அவளுக்குக் கொடுக்கலாமென்று ஆரஞ்சு கிரீம் ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். வாசனை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பிரித்தேன். அவ்வளவு மோசமில்லை. இப்போது நாலுதான் இருக்கிறது. ஞாயிறு வரைக்கும் தாங்காது, அவளை நாளைக்கே அனுப்பிவையுங்கள்.