உப்பிய பேட்டரியும் உரிய அதிகாரியும்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் விசாலாக்ஷி, கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றதும் பஜனை மண்டலியில் சேருவார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தார்கள். அவர் ரிமோட்டில் பறக்கும் குட்டி ஜெட் விமானம் ஒன்றை வாங்கினார். திருவான்மியூர் கடற்கரையில் இப்போது அதுதான் மோஸ்தர். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தே நடப்பதால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வதும், மோதியபின் விமானத்தின் விலையை விசாரித்துக்கொள்வதும் அங்கே சகஜம்.

கடற்கரைச் சாலையில் கடலோரப் பொழுதுபோக்கு ஒழுங்குமுறை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கரையில் பறப்பன, சுற்றுவன, உருள்வன அனைத்தையும் ஒழுங்குபடுத்துவது அதன் கடமை. பலூன்காரர்களும் ராட்டினக்காரர்களும் தாமாகவே ஒழுங்காக இருந்துவிட்டபடியால் அலுவலகத்துக்கு வேலை குறைவு. இந்த நிலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிக்னல் அறுந்துபோன விசாலாக்ஷியின் ஜெட் தலைகுப்புறப் பாய்ந்து அந்த அலுவலகத்தின் வாசலிலேயே விழுந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்த விசாலாக்ஷியைக் கண்காணிப்பாளர் சக்திவேல் மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு வரவேற்றார்.

"இது உங்களுதாம்மா?"

"ஆமாம். ரெக்கை போனா போறது. பேட்டரியைக் குடுங்கோ, நன்னா அடிபட்டிருக்கு. உப்பிண்டு வரது பாருங்கோ. வெளியே மணல்ல வெக்கணும். இல்லேன்னா பத்திக்கும்."

"பத்திக்கிச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்ப தீ விபத்து இன்னும் நடக்கல. நடந்தது வான் விபத்து மட்டும்தான். நடக்காத விபத்துக்கு நடவடிக்கை எடுத்தா அதிகார வரம்பு மீறலாயிடும்மா."

பேட்டரியைக் கையில் வைத்திருந்த அலுவலக உதவியாளர் கபாலி நெளிந்தார். "சார், இன்னா சார் இது, பூரி மாதிரி உப்பிக்கினே போவுது. சூடா வேற கீது."

"சான்றுப்பொருள் அது. உப்புனபடியே பாதுகாக்கணும். சீல் வைங்க."

கபாலி அதைத் துணியில் சுற்றி, அரக்கு உருக்க மெழுகுவத்தி ஏற்றினார். விசாலாக்ஷி ஊதி அணைத்தார். கபாலி மறுபடி ஏற்றினார். விசாலாக்ஷி மறுபடி அணைத்தார்.

"அரசுப் பணிக்கு இடையூறு செய்யறீங்க" என்றார் சக்திவேல், உண்மையான வருத்தத்துடன். கடைசியில் இரு தரப்புக்கும் பொதுவாக ரப்பர் பேண்டு போடுவதென்று முடிவாகி, பேட்டரி இரும்பு பீரோவுக்குள் கோப்புகளின் நடுவே வைத்துப் பூட்டப்பட்டது.

"ஒரு வாளி மணலாவது பக்கத்துல வெச்சுக்கோங்கோ சார்."

"கடற்கரை மணலை அள்றது குத்தம்மா. தடுக்கறதே நாங்கதான். வேணும்னா டெண்டர் விடலாம்."

விசாலாக்ஷி வீட்டுக்குப் போகவில்லை. பீரோவைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கணவர் ராகவேந்திரன் போன் செய்து, ஆத்துக்கு எப்போ வருவே என்று கேட்டார்.

"பத்திண்ட உடனே வரேன்" என்றார் விசாலாக்ஷி.

எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்த நேரம் பீரோ குக்கர் மாதிரி சீறியது. இடுக்கு வழியாக வெள்ளைப் புகை வந்தது. மற்ற ஊழியர்கள் வெளியே ஓடினார்கள். சக்திவேல் சாவியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"சாவிய குடு சார்" என்றார் கபாலி.

"திறக்க ரெண்டு கையெழுத்து வேணும். இன்னொருத்தர் லீவு."

விசாலாக்ஷி அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவரும் கபாலியும் சாலையைக் கடந்து ஓடி, விமானப் பையிலும் குப்பைத்தொட்டியிலும் மணலை வாரி வந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பீரோவைத் திறந்ததும் தீ கைக்குத் தாவியது. மணிக்கட்டு சுட்டது. விடாமல் கொட்டினார். கபாலியும் கொட்டினார். ஒருவழியாக அடங்கியது.

எத்தனையோ வருஷம் பிள்ளைகளைத் திட்டிய வாய்க்கு அன்று நிறைய வார்த்தை வந்தது. ஆனால் சக்திவேலே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியதும் அதை வாங்கிக் குடித்தார்.

"நீங்க இல்லேன்னா..." என்று தொடங்கிய சக்திவேலுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நல்லவேளையாக அறிக்கை எழுத வந்தது. தீ உரிய நடைமுறைப்படி உரிய காலத்தில் அணைக்கப்பட்டதாக அதில் எழுதினார். மணல் அள்ளிய குற்றம் பெருந்தன்மையுடன் மன்னிக்கப்பட்டது. உப்பிய பேட்டரி வைத்திருப்போர் நேரில் வந்து உப்பல் சான்று பெறவேண்டும் என்று விதி பிறந்தது. சான்று வழங்கும் கௌரவ ஆலோசகராக விசாலாக்ஷியை நியமித்து, மேசையும் பெயர்ப்பலகையும் தந்தார்கள். பெயர்ப்பலகையை அவர் தினமும் தானே துடைத்தார்.

அடுத்த மாதம், அடையாறில் மொபைல் கடை வைத்திருக்கும் தௌசீஃப் என்பவர் கைக்குட்டையில் எதையோ ஏந்திக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், ரொம்ப சுடுது. எங்க வைக்கறது?"

விசாலாக்ஷி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"டோக்கன் எடுத்தேளா?"

தௌசீஃப் திரும்பிப் பார்த்தார். வராந்தா முழுக்க ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பேட்டரி உப்பிக்கொண்டிருந்தது. முறை போய்விடுமே என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தௌசீஃபும் டோக்கன் எடுத்துக்கொண்டு, கடைசியில் போய் உட்கார்ந்தார்.