தொழுவத்தில் கிடைத்த வெற்றி

கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு நேராக இன்னொரு மூக்கு. மாட்டு மூக்கு! கால் கட்டைவிரலை ஒரு வாத்து கொத்திக்கொண்டிருந்தது. என் பனியனில் பாதி ஓர் ஆட்டின் வாயில். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நான் துள்ளிக் குதித்தேன். ஜெயித்துவிட்டேன் ஐயா, ஜெயித்தேவிட்டேன்!

விஷயம் இதுதான். லீவுக்கு வெளிநாடு வந்து, கிராமத்துப் பண்ணைவீடு ஒன்றில் தங்கியிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து, காலையில் என் போர்வையை உருவுவதுதான் என் மனைவிக்கு முதல் வேலை. கடல் கடந்து வந்தும் உருவினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"லீவுலயாவது மனுஷனைத் தூங்க விடேன்!"

"ஒரே ஒரு நாள் எனக்கு முன்னாடி எழுந்து காட்டுங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களை நான் எழுப்ப மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

ஜென்மத்துக்கும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அலாரத்துக்கெல்லாம் அசைகிற உடம்பா இது? இடி விழுந்தாலே புரண்டுதான் படுக்கும். அதனால்தான் நேற்று ராத்திரி, ஆடுமாடு எழுப்பிவிடட்டும் என்று, தலையணையும் கையுமாகத் தொழுவத்துக்கே வந்து வைக்கோலில் படுத்தேன். என்ன மூளை எனக்கு!

அறைக்கு ஓடினேன். அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு! நான் ஜெயிச்சாச்சு!"

கண்ணைக் கசக்கியவள், என் தலையிலிருந்த வைக்கோலைப் பார்த்தாள். "அட, பலே! சொன்னா சொன்னதுதான். இனிமே எழுப்பவே மாட்டேன். சரி, வாளியை வாங்கிக்குங்க."

"என்ன வாளி?"

"இந்தப் பண்ணையில தங்கறவங்கள்ல முதல்ல யார் எழுந்திருக்காங்களோ, அவங்கதான் ஆட்டுக்குத் தீனி வைக்கணுமாம். வந்த அன்னிக்கே பண்ணைக்காரம்மா சொன்னாங்களே? நீங்கதான் தூங்கிட்டு இருந்தீங்க."

ஜெயித்த குஷியில் வாளியை வாங்கினேன். மந்தையே என் பின்னால் ஊர்வலமாக வந்தது. ஒரு மந்திரிக்குக் கூட இப்படி வரவேற்பு கிடைத்திருக்காது!

மறுநாள் விடிவதற்குள் ஜன்னலடியில் கூட்டமாக, "ம்மே!" காதைப் பொத்தினேன். ஒரு கிடா கதவை முட்டியது.

"எழுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேடீ!"

"நானா எழுப்பினேன்? ஆடு எழுப்புது. தீனி வெச்சவரை அது விடாதாம். போங்க, பாவம், பசிக்குமில்ல?" போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது.

லீவு முழுக்க இதே கதைதான். "ம்மே" என்றால் என் கை தானாக வாளியைத் தேடியது. போகட்டும், நம் வீடு நாலாவது மாடி. அங்கே எந்த ஆடு ஏறி வரப்போகிறது? ஜென்மம் முழுக்கத் தூக்கம் எனக்கே எனக்கு! சிரித்த முகமாக ஊர் திரும்பினேன்.

முதல் காலை. காதுக்குள்ளேயே "ம்மே!" அலறிப் புடைத்து எழுந்தேன். சுயநினைவு வந்தபோது குளியலறை வாளியோடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். தலைமாட்டில் அவளுடைய செல்போன் மந்தை மந்தையாகக் கத்திக்கொண்டிருந்தது.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டே கேட்டாள்: "முதல்ல எழுந்தவங்கதானே தீனி வைக்கணும்? இன்னிக்கு என்ன டிபன்?"