பீலிக்கரை ரிப்போர்ட்

"நில்லுங்கடி, எண்ணுறான்!"

ராசம்மா போட்ட சத்தத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே இருந்த கல்லின் மேல் கொப்பியும் பென்சிலுமாக அழகுமுத்து உட்கார்ந்திருந்தான். இன்னும் சரியாக விடியவில்லை. மூடுபனிக்குள் அவனுடைய மப்ளர் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது.

"என்னா தம்பி எண்ணுறீங்க?" என்றாள் ராசம்மா.

"கொடத்தைக்கா."

"கொடத்தையா, கொடம் தூக்குறவளையா?"

"சத்தியமா கொடந்தாங்க்கா. இப்ப இருபத்தேழு."

"பேசிக்கிட்டே எண்ணிட்டான் பாருடி!"

பின்னாலிருந்து ஒரு ஈரத்துணி பறந்து வந்து கொப்பியின் மேல் விழுந்தது. அழகுமுத்து கொப்பியைத் துடைத்துவிட்டு இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று எழுதினான். முப்பத்தொன்றில் சங்கு ஊதியது. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடினார்கள். ஓடும்போதும் திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

அழகுமுத்துவுக்கு வயது முப்பத்தொன்று. தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் மாணவன். கொட்டகலைக் கடைவீதியில் ராசிக் நானாவின் துணிக்கடைக்கு மேலே இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. வகுப்பில் ஏழு பேர். ஏழு பேரைவிடவும் வயதில் சின்னவர் பொன்னையா மாஸ்டர். அவருக்கு இருபத்திரண்டு. அதை மறைப்பதற்காகக் கண்ணாடி போட்டிருந்தார். எதையாவது வாசிக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார்.

இந்த மாதம் ரிப்போர்ட் எழுதும் பாடம்.

"ரிப்போர்ட்ல அலங்காரம் கூடாது. நீங்க நெனைச்சது கூடாது. கேள்விப்பட்டது கூடாது. கண்ணால பாத்திருக்கணும், இல்லாட்டி எண்ணிப் பாத்திருக்கணும்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

சின்னராசா என்பவன் பசுவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். பசு நமது தாய் என்று முதல் வரியை இங்கிலீஷில் வாசித்தான்.

"கண்ணால பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர்.

"எதை மாஸ்டர்?"

"பசு ஒங்களப் பெத்ததை."

சின்னராசா உட்கார்ந்துவிட்டான். மாடு கட்டிய இடத்தை அளந்து, அதற்குக் கால் நான்கு என்று எண்ணி எழுதிக்கொண்டு வர அவனுக்கு ஒரு வாரம் ஆனது.

அழகுமுத்துவுக்கு இது வெறும் பாடம் இல்லை. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை காலியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி மாஸ்டரிடம் ஆள் கேட்டிருந்தார். தோட்டத்தில் ஏதாவது ஒன்றைப் பற்றி அழகுமுத்து ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுத வேண்டும். வருகிற ஞாயிறு காலையில் பெரிய கிளாக்கரே நேரில் வந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பார். எல்லாம் சரியென்றால் வேலை. ஒரு வரி பிசகினாலும் கண்டியிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவான்.

வேலையோடு குவாட்டர்ஸும் உண்டு. அழகுமுத்துவின் மனைவி நாகலெட்சுமி கொழுந்து எடுக்கப் போகிற வழியில் அதன் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாள். ஒன்பது வருசமாக லயத்தின் ஒற்றைக் காம்பிரா அறையில் சமைத்து, படுத்து, ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே சட்டி வைத்து வாழ்ந்தவள்.

"ரெண்டு ரூமு. ஓட்டுக் கூரை. சமைக்கிற குசினிக்குள்ளயே தண்ணி" என்றாள். "அது கெடைக்கலைன்னா நான் வலப்பனைக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருவேன். பகிடிக்குச் சொல்லல."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

முதல் ரிப்போர்ட் நன்றாகத்தான் வந்திருந்தது. கீழ்ப்பிரிவில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குத் திறந்து மூடுகிற டெப் இல்லை. குழாய் வாயில் பழந்துணி அடைத்திருக்கிறது. காலையில் சங்கு ஊதுவதற்கு முன் முப்பத்தொரு குடங்கள் நிறைகின்றன. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தாலும் பிழை பிடிக்க முடியாது.

பிரச்சினை குடம் தூக்குகிறவர்களிடம் இருந்தது. குடம் எண்ணிய அன்று சாயந்தரமே ராசம்மா நாலு பேரோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, பொம்பளைங்க தண்ணி எடுக்கிற எடத்துல ஒங்களுக்கு என்னா வேலை? ஞாயம் கேக்க வந்திருக்கோம்."

"அக்கா, அது ரிப்போட்டுக்கா. ஆபீசுக்கு எழுதிக் குடுக்கிறேன்" என்றான் அழகுமுத்து. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான்.

ராசம்மாவின் முகம் மாறியது. "அப்ப பெட்டிசமா?"

"இல்லக்கா, ரிப்போட்டு."

"எல்லாம் ஒண்ணுதான். கையெழுத்துப் போட்டா ரிப்போட்டு, போடாட்டி பெட்டிசம். இதை மொதல்லயே சொல்றதுக்கென்னா?"

மறுநாள் காலை பீலிக்கரையில் தேர்த் திருவிழாக் கூட்டம். ஒவ்வொருத்தியும் வீட்டில் இருந்த அண்டா, குண்டா, மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் வரிசையில் வைத்திருந்தாள். காளியாயி பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பேசினைக்கூடக் கொண்டு வந்திருந்தாள்.

"நல்லா எண்ணுங்க தம்பி. இந்த பேசினு விட்டுப்போச்சு."

"அக்கா, தெனம் எத்தனை கொண்டாருவீங்களோ அத்தனை கொண்டாங்கக்கா!"

"தெனம் கொண்டாந்து என்னாத்தக் கண்டோம்? பெட்டிசத்துல நெறையாத் தெரியணும்ல."

சங்கு ஊதும்போது எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. பாதிக்கு மேல் நிறையவில்லை. கண்ணால் கண்டது நூற்றுப் பன்னிரண்டு. எழுதாவிட்டால் பொய். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் வரும்போது நூற்றுப் பன்னிரண்டு எங்கே என்று கேட்பார்.

அவன் நாகலெட்சுமியிடம் கெஞ்சினான். "இது பெட்டிசம் இல்லைன்னு சொல்லு. படிக்கிற பாடம், அவ்வளவுதான்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பாங்க."

அவள் மலையில் கொழுந்து எடுக்கும்போது நிரையில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் காளியாயி கேட்டாள்.

"முப்பத்தோரு வயசுல எவன்டி பாடம் படிப்பான்? நாகலெட்சுமி நல்லவ. அவளே பொய் சொல்றான்னா இது வேற என்னமோ."

"குடும்பத்தையும் எண்ணியிருக்கான்" என்றாள் ராசம்மா.

"அப்ப அதேதான். எந்த வீட்டுல எத்தனை பேருன்னு கணக்கெடுத்து, இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்க. கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி இப்புடித்தான் எண்ணுவாங்களாம். கந்தப்பளையில பேசிக்கிறாங்க."

மறுநாள் காலை பீலிக்கரையில் ஒரு குடம்கூட இல்லை. ஒரு நாய் வந்து தண்ணீர் குடித்தது. அழகுமுத்து அதையும் எழுதினான். பெண்கள் எல்லோரும் பள்ளத்தில் இறங்கி ஆற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, பெரட்டுக்குப் பிந்திப் போனார்கள். பாதிப் பேருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். மிச்சப் பேரை மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒன்பது மணிக்கு, அந்தப் பெண்களை வேலை வாங்குகிற வீரய்யா கங்காணி ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா, என் ஆளுங்கள நீ ஆத்துல தள்ளிட்டியாமே?"

"அண்ணே, நீங்களே கேளுங்க. இதுல ஒண்ணுமே இல்லை." அழகுமுத்து ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். டெப் இல்லை என்ற இடத்தில் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். பழந்துணி என்ற இடத்தில் தராசின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதை இங்கிலீஸ்லயா எழுதியிருக்க?"

"ஆமாண்ணே."

"படுபாவி. தமிழ்ல எழுதித் தொலைச்சா தொரைக்குப் புரியாதேடா."

"உண்மைதானே அண்ணே எழுதியிருக்கேன்?"

"உண்மைதான்டா. அதாலதான்டா பயமா இருக்கு!"

கங்காணி தலைப்பாகையைக் கையில் பிடித்தபடியே ஆபீசுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழகுமுத்து வேலை முடிந்து வந்தபோது பீலிக்கரையில் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் குழாய் வாயில் ஒரு பித்தளை டெப் பளபளத்தது. ராசம்மா அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கந்தப்பளைக் கப்பல் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

"எங்கேருந்துக்கா வந்துச்சு?"

"ஆபீசு குடுத்துச்சாம். ஒங்க பெட்டிசத்துக்குத்தான் தம்பி!"

அழகுமுத்து கல்லின் மேல் உட்கார்ந்தான். டெப் இல்லை என்ற வரி பொய்யாகிவிட்டது. பழந்துணி வரியும் பொய். நூற்றுப் பன்னிரண்டும் பொய், நாயும் பொய். முழு ரிப்போர்ட்டிலும் மிச்சம் இருந்த உண்மை நாற்பத்திரண்டு குடும்பம் மட்டும்தான்.

சனிக்கிழமை உட்கார்ந்து புதிதாக எழுதினான். பித்தளை டெப் ஒன்று இருக்கிறது. அது நன்றாகத் திறந்து மூடுகிறது. காலையில் முப்பத்தொரு குடங்கள் நிறைகின்றன. தண்ணீருக்காக யாரும் சண்டை போடுவதில்லை. கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தான். பிறகு ராசம்மாவின் வாசலுக்குப் போனான்.

"அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான். இருந்தாலும் வேலை நாள் மாதிரியே எல்லாரும் தண்ணிக்கு வரணும். முப்பத்தோரு கொடம். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. சண்டை போடக் கூடாது. இல்லாட்டி என் பொண்டாட்டி வலப்பனைக்குப் போயிருவா."

"டெப்பு வாங்கிக் குடுத்த புள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டமா?" என்றாள் ராசம்மா.

ஞாயிறு காலை பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி குடையோடு வந்தார். பின்னால் பொன்னையா மாஸ்டர் வந்தார். பெரிய கிளாக்கர் டெப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பித்தளை. திறந்து கை கழுவினார், மூடினார். ஒரு சொட்டும் விழவில்லை. குடங்களைக் குடை முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முப்பத்தொண்ணு" என்றார். "சரியா இருக்கு."

முப்பத்திரண்டாவது குடத்தோடு வந்த காளியாயியை ராசம்மா லயத்துக் கோடியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியிருந்தது அவருக்குத் தெரியாது. வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ராசம்மா பார்த்த பார்வையில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"சண்டை இல்லை" என்று மாஸ்டர் டிக் போட்டார்.

பெரிய கிளாக்கர் குடையைச் சாய்த்து அதன் மேல் ரிப்போர்ட்டை விரித்தார். "கீழ எழுதுங்க. இதெல்லாம் என் கண்ணால கண்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அழகுமுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். எல்லாம் அவன் கண்ணால் கண்டதுதான்.

"நல்லது. இன்னைக்கு மெயில் ரயில்லயே இது கொழும்புக்குப் போகும். லயத்துல தண்ணி வசதி எப்புடின்னு கம்பெனியில ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. குவாட்டர்ஸ் சாவி கண்டாக்கையாகிட்ட இருக்கு."

நாகலெட்சுமி பெட்டியைப் பிரிக்கவில்லை. சேலைகள் மடித்தபடியே இருந்ததால் வேலை மிச்சம் என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பாய், சட்டி, பெட்டியோடு இருவரும் புறப்பட்டார்கள். பீலிக்கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டெப் வந்த பிறகு பாதி நேரத்தில் வேலை முடிந்தது. காளியாயி நின்று பல் விளக்கக்கூட நேரம் இருந்தது.

"போய்ட்டு வாங்க தம்பி" என்றாள் ராசம்மா. "எத்தனையோ தலைவருங்க வந்தாங்க, பேசினாங்க. ஒத்த டெப்பு வரல. நீங்க ஒரு பக்கம் எழுதினீங்க, வந்திருச்சு. அடுத்தது கூரையைப் பத்தி எழுதுங்க."

"எழுதுறேங்க்கா" என்றான் அழகுமுத்து. பெட்டியைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டான். நாகலெட்சுமிகூட மூக்கைச் சிந்தினாள்.

அப்போது ஆபீஸ் பக்கமிருந்து ஆண்டியப்பன் வந்தான். தோட்டத்தில் குழாய் வேலை பார்க்கிறவன். பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து பெரிய திருகுச் சாவியை எடுத்து டெப்பைத் திருகத் தொடங்கினான். நாலு திருகில் அது கையோடு வந்தது. பாய்ந்த தண்ணீரைப் பழந்துணியால் அடைத்தான்.

"டேய், டேய், என்னாடா செய்யிற?" என்று ராசம்மா கத்தினாள்.

"ஆண்டியப்பா, எங்க கொண்டு போற அதை?" என்றான் அழகுமுத்து. "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

ஆண்டியப்பன் டெப்பை வேட்டியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கையைக் கூப்பினான்.

"கும்புடுறேங்க கிளாக்கரய்யா, இது ஒங்க குவாட்டர்ஸ் குசினி டெப்புங்க, ஆளில்லாம சும்மா கெடக்குதேன்னு மூணு நாளைக்கு இங்க மாட்டச் சொன்னாங்க, இப்ப நீங்கதான் அங்க குடி வர்றீங்களே!"