கிருமிகளுக்குக் காவல் இருந்தவன்

“ஏ மாரிசெல்வி, சட்டிக்குள்ள கட்டி கட்டியா மிதக்குதே, இதென்னடி கூத்து!” என்று போனில் அலறினான் சங்கிலிமுத்து.

“பதறாதீக. தயிருக்கு உறை ஊத்துற மாதிரி சீஸுக்குக் கிருமிப்பொடி போட்டிருக்கேன்ல? அதுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடியில தங்கிச்சுன்னா கீழ புளிப்பு, மேல வெறும் பாலு. சீஸ் வராது. பதமா கலக்கி விடுங்க” என்றாள் மனைவி. அவள் நின்றது இருக்கன்குடி கோயில் வரிசையில். இந்த ஆளை நம்பி எப்படித்தான் கிளம்பிப் போனாளோ!

சாயங்காலம் விருதுநகர் பீட்சா கடைக்காரர் ருசி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் வாராவாரம் ஆர்டர். இல்லையென்றால் மாரிசெல்வி மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகவேண்டும்.

சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். மழையால் அன்று வேலையில்லை. கலக்குவதில் நம்மை மிஞ்ச ஆளுண்டா என்று மரக்கரண்டியைத் தேடி எடுத்தான். இரும்புக் கரண்டி உரசினால் பொறி பறந்துவிடுமாம், பாலில்!

கட்டி கரையவில்லை. மருந்தில் கட்டி விழுந்தால் என்ன செய்வார்கள்? சலிப்பார்கள். இவனும் சலித்தான். சட்டியில் தண்ணியாகப் பால் நின்றது, சல்லடையில் பிசுபிசுவென்று வெள்ளை உருண்டை.

“அட, மொத்தக் குடும்பமும் இங்கனதான் உக்காந்திருக்கீகளா!” என்று உருண்டையை வழித்து மறுபடி பாலிலேயே போட்டான். அதுகள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

சேர விட்டால்தானே வம்பு? கம்பெனியில் சேரக்கூடாத மருந்துகளைத் தனித்தனி ரூமில் வைப்பார்கள். பாலை மூன்று சொம்பில் பிரித்து அடுப்படியில் ஒன்று, பீரோ மேல் ஒன்று, கட்டிலடியில் ஒன்று என வைத்தான். சூடு ஏறிவிடாமல் ஈரச்சாக்கு வேறு போர்த்தினான். பெருமை தாங்காமல் மனைவிக்குப் போன் போட்டான்.

“ஈரச்சாக்கா? குளுந்துபோனா கிருமி உறங்கிருமே!”

ஐயோ! மூன்று சொம்புப் பாலையும் ஒரே சட்டியில் கொட்டி, அடுப்பில் ஏற்றித் தீயைக் கூட்டி வைத்தான். பொங்கி, வழிந்து, அடிப்பிடித்து, தெருவே நாறியது.

“பாவிப்பய நான், உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே தாயி!” என்று கரிச்சட்டியைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதான் சங்கிலிமுத்து. சாயங்காலமாகிவிட்டது, கடைக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? மாரிசெல்வி முகத்தில்?

நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு நர்ஸ் பியூலா.

“அண்ணே, அழாதீக! சீஸ் எங்க வீட்ல ஜம்முனு உறைஞ்சு, கடைக்காரரும் இப்பத்தான் ஆர்டர் சொல்லிட்டுப் போறாரு. நீங்க எங்க வீட்டுப் பக்கம் வந்து அதுல கைய வச்சுறக் கூடாதுன்னு மாரிசெல்வி உங்ககிட்ட குடுத்துட்டுப் போனதுல ஒரு கிருமிகூடக் கிடையாது, வெறும் பால்பவுடரு!”