என் சாட்சிக்கு லோகு சொன்ன திருத்தம்

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு உண்மை சரியாக வராது. பொய் சொல்வேன் என்று அர்த்தமில்லை. (கணக்கு வாத்தியார், போதாததற்குக் கிறிஸ்தவன், பொய்க்கு இரண்டு பக்கமும் தடை.) நடந்ததைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று பேர் நின்ற இடத்தில் முப்பது பேர் நிற்பார்கள், தூறல் போட்ட இடத்தில் வெள்ளம் வரும். இந்த வியாதி எப்போது முற்றியது, யார் வைத்தியம் பார்த்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். முன்னெச்சரிக்கையாக என் மனைவி கிரேஸிடம் படித்துக் காட்டிவிட்டேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாள்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் நாளடைவில் அதற்கென்று எழுதாத ஒரு இலக்கணம் ஏற்பட்டுவிட்டது. முதலில் கஷ்டம் வர வேண்டும். பிறகு டாக்டர்கள் கையை விரிக்க வேண்டும். சொந்தபந்தம் எட்டிப் பார்க்கக் கூடாது. மனிதர்கள் எல்லாரும் கைவிட்ட பிறகுதான் ஆண்டவர் வர வேண்டும். நடுவில் யாராவது நல்ல மனுஷன் புகுந்து உதவி செய்து தொலைத்தால் சாட்சி சப்பென்று போய்விடும்.

இந்தக் கலையில் நான் ஓரளவு பேர் வாங்கியிருந்தேன். எனக்கு இருந்த ஒரே குறை வேறு. சபையில் டெய்லர் தேவராஜ் அண்ணன் இரண்டு குடும்பங்களை ஆண்டவரிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவர் உள்ளே நுழைந்தாலே பின்னால் எட்டுப் பேர் நுழைவார்கள். நான் பதினொரு வருடமாக என் பெண்டாட்டி பிள்ளையை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அதனால் பக்கத்து வீட்டு லோகு மேல் எனக்கு ஒரு கண்.

லோகு இரண்டு பவர்லூம் தறி வைத்திருந்தான். பூர்வீகம் பள்ளிப்பட்டு, வீட்டில் பேசுவது தெலுங்கு. குடிவந்த முதல் வாரமே கிரேஸை ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டான். அந்தக் கணக்கில் நான் அவனுக்கு ‘பாவா’, அதாவது அக்கா புருஷன். கிருத்திகை தவறாமல் திருத்தணி மலையேறுகிறவன். நான் அவனுக்கு மாதம் ஒரு கைப்பிரதி, அதாவது ஆண்டவரைப் பற்றிய துண்டுப் பிரசுரம், கொடுப்பேன். அவன் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிடுவான்.

“முழுசா படிச்சிட்டேன் பாவா. நல்லா கீது. வேற யாருக்குனா குடு, என்னாண்ட இருந்தா வேஸ்ட்டா பூடும்.”

இப்படி ஒருவனை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது?

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வயிற்றின் இடது பக்கம் வலி ஆரம்பித்தது. கிரேஸும் மகள் ஜெனியும் அரக்கோணத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வலி என்றால் சாதாரண வலியில்லை, யாரோ உள்ளே உட்கார்ந்து துணி பிழிவது மாதிரி. கதவைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். அதற்கு மேல் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. (வசதியான ஞாபகமறதி என்று கிரேஸ் இங்கே ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.) கண் தெளிந்தபோது திருத்தணியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கிட்னியில் கல் என்றார்கள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “மிளகு சைஸ்தான் சார், தண்ணி நிறைய குடிங்க, தானா வந்துடும்” என்றார். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் கல்லும் வெளியேறிவிட்டது.

பாஸ்டர் ஐயா பார்க்க வந்தார். “இவ்வளவு பெரிய நன்மைக்கு வீட்டுல ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைங்க பிரதர். தெருவுல இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. நாம வாங்கின நன்மைய நாலு பேர் கேக்கட்டும்” என்றார். எனக்குள் பல்பு எரிந்தது. கைப்பிரதியால் ஆகாதது சாட்சியால் ஆகும். லோகுவை முன்வரிசையில் உட்கார வைத்து, அவன் கண்ணில் தண்ணீர் வரவழைப்பது என்று தீர்மானித்தேன்.

அடுத்த மூன்று வாரம் நான் சாட்சியைத் தயார் செய்தேன். போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் ஒத்திகை பார்த்ததில் மிளகு சைஸ் கல் புளியங்கொட்டையாகி, பிறகு கொட்டைப்பாக்காகியிருந்தது. கண்ணாடி முன் நான் பயிற்சி எடுப்பதைப் பார்த்த கிரேஸ், “உள்ளத உள்ளபடி சொன்னா போதாதா? அதுவே பெரிய விஷயம்தானே?” என்றாள். பெண்களுக்கு மேடை நுணுக்கம் தெரியாது என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன். (இதை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாள்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். வீட்டு முன்னால் ஷாமியானா, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி. தெரு இரண்டு முனைக்கும் கேட்கும்படி கரண்ட் கம்பத்தில் இரண்டு ஸ்பீக்கர் கட்டச் சொன்னேன். சபையார் எல்லாரும் வந்தார்கள். லோகு வெள்ளை வேட்டி கட்டி, புதிதாக மொட்டையடித்து, சந்தனம் பூசிய தலையோடு மனைவி செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை; பத்துப் பேரில் இரண்டு பேர் அப்படித்தான் இருப்பார்கள். நானும் கேட்கவில்லை. “வா வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

பாட்டு முடிந்து என் கையில் மைக் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

என்ன சொல்ல, அன்று எனக்குப் பேச்சு அருவி மாதிரி கொட்டியது. கல்லை விவரித்தேன். டாக்டர்களைக் கையை விரிக்க வைத்தேன். எங்கள் சபை எபினேசர் அண்ணன் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஸ்தோத்திரம்’ போட்டுக்கொண்டே வந்தார். (அவருக்குக் காது மந்தம். சத்தம் நின்றால் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்.) அந்த உற்சாகத்தில் குரலை உயர்த்தினேன்.

“மனைவி பக்கத்தில் இல்லை! பிள்ளை பக்கத்தில் இல்லை! தண்ணீர் கொடுக்க ஆளில்லை! தெருவே மௌனமாக இருந்தது! பக்கத்து வீட்டுக்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை! மனுஷர் எல்லாரும் கைவிட்ட அந்த வேளையில்…”

“ஸ்தோத்திரம்!” என்றார் எபினேசர் அண்ணன்.

கண்ணைத் திறந்தேன். கிரேஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வி லோகுவைத் திரும்பிப் பார்த்தாள். லோகு மட்டும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஹா, ஆளை ஆட்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

பாஸ்டர் ஐயாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மைக்கை வாங்கி, “முன்வரிசையில இருக்கிற சகோதரர் ஏதோ சொல்ல நினைக்கிறார் போல இருக்கு. வாங்க, தயங்காம சொல்லுங்க” என்றார். லோகு எழுந்தான். பதினொரு வருட ஜெபம் பலித்தது என்று என் நெஞ்சு பூரித்தது. தேவராஜ் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், சாட்சியாக இருக்கட்டுமே என்று.

“எனுக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லீங்க” என்று ஆரம்பித்தான் லோகு. “பாவாவுக்கு வலியில எல்லாம் மறந்துபோச்சின்னு நெனைக்கிறேன். பாவம், அவ்ளோ வலி. யாருமே இல்லன்னு நெனச்சிகினு இருக்காரு. அதுக்கோசரம் சொல்றேன். நான் இருந்தேன் பாவா.”

ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக வேலை செய்தன.

“வாசல்ல வுழுந்து கெடந்தாரு. தறிய நிறுத்திட்டு ஓடியாந்தேன். ஆட்டோ எதுவும் வரல. நம்ம குட்டியானை வண்டியில நூல் மூட்டைங்க மேல படுக்க வெச்சி, தலய மடியில வெச்சிகினேன். மச்சான் வண்டிய ஓட்டிகினு வந்தான். செல்விதான் அக்காவுக்கு போன் பண்ணா. ரெண்டு நாளும் இட்லி நான்தான் எடுத்தாந்தேன். அதுகூட நெனப்பு இல்லியா பாவா?”

நினைப்பு இருந்தது. அதுதான் கொடுமை. இட்லி, தக்காளிச் சட்னி, அது கொஞ்சம் காரம் என்று நான் சொன்ன குறை வரைக்கும் நினைப்பு இருந்தது. சாட்சியில் அதற்கு இடமில்லாததால் விட்டிருந்தேன்.

“வழியெல்லாம் பாவா கத்திகினே வந்தாரு. ‘முருகா, முருகா’ன்னு.”

“ஸ்தோத்திரம்!” என்றார் எபினேசர் அண்ணன்.

ஷாமியானாவுக்குள் யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அந்தப் பகுதி மட்டும் சத்தியமாக எனக்கு நினைவில் இல்லை. ஆனால் நடந்திருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கால் இடறினாலும் வாயில் முதலில் வருவது அந்தப் பெயர்தான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

லோகு விடுவதாக இல்லை. “மலை கண்ணுக்குத் தெரிஞ்சதும் இன்னும் சத்தமா கூப்ட்டாரு. வேதக்காரரே கூப்புடறாருன்னா எப்டி வலிச்சிருக்கும்! எனுக்குத் தாங்கல. நானும் மலையப் பாத்து வேண்டிகினேன். ‘முருகா, இவர காப்பாத்திடு. இவரு வந்து மொட்ட போட மாட்டாரு, பாஸ்டர் கோச்சிப்பாரு. இவருக்குப் பதிலா என் முடிய எடுத்துக்கோ.’ போன கிருத்திகைக்குப் போய்க் குடுத்துட்டேன். உங்க சாமி, எங்க சாமி, யாரு காப்பாத்துனதோ, நல்லா கீறாரு. அது போதுங்க.”

சந்தனத் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

பாஸ்டர் ஐயா மைக்கை வாங்கினார். வேதவசனம் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆனால் மைக்கிலேயே கேட்டார்.

“பிரதர், இவருக்கு நன்றி சொன்னீங்களா?”

சொல்லவில்லை. ஒரு மாதம் ஆகியிருந்தது. நன்றி சொல்வதற்கென்றே பந்தல் போட்டு, நூறு பேரைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டவன், என்னை மடியில் வைத்துக்கொண்டு போனவனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அவன் தலையில் முடி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் வெட்கம் இல்லை. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

“இல்லைங்க ஐயா” என்றேன். பிறகு லோகுவிடம் போனேன். தயார் செய்த வார்த்தை எதுவும் கைவசம் இல்லை. “மன்னிச்சிடு லோகு. ரொம்ப நன்றிடா” என்றேன். குரல் உடைந்துவிட்டது. (இது மிகையில்லை. கிரேஸ் டிக் போட்டிருக்கிறாள்.)

“அட வுடு பாவா, மறதிதானே” என்றான் லோகு. அவன் இன்றுவரை அதை மறதி என்றே நம்புகிறான்.

அதற்குப் பிறகு சபையில் என்னைச் சாட்சி சொல்ல யாரும் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. தேவராஜ் அண்ணன் மட்டும், “அந்த மொட்டைத் தம்பிய ஒருதடவ கூட்டி வாங்களேன், உண்மைய எவ்ளோ அழகா சொன்னாரு!” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். லோகு வருஷா வருஷம் எங்கள் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வருகிறான், கிருத்திகைக்கு மலைக்கும் போகிறான். நான் கைப்பிரதி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைப் பற்றி அவனிடம் இப்போதும் பேசுகிறேன்; அந்த நன்மையில் அவனும் ஒருவன் என்பதையும் சேர்த்துப் பேசுகிறேன். வீட்டில் நான் எதையாவது ஊதிப் பெரிதாக்க ஆரம்பித்தால் ஜெனி உடனே, “லோகு மாமாவைக் கூப்பிடட்டுமா?” என்பாள். தூறல் மறுபடி தூறலாகிவிடும்.

போன மாதம் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். நகம் பெயர்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்ததும் கிரேஸும் ஜெனியும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, நான் யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“லோகு!” என்று கத்தினேன்.

அவன் கையில் நூலோடு ஓடிவந்தான். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுக்கெல்லாம் முடி குடுக்க முடியாது பாவா. ஐஸ் வைய்யி” என்றான்.