கோஸ் லாரியில் வந்த மாப்பிள்ளை

அதிகம் பேசாதவர்களிடம் ரகசியத்தை ஒப்படைப்பது பாதுகாப்பானது என்று உலகம் நம்புகிறது. உலகம் ஏமாந்திருக்கிறது. பேச்சுக்காரி ஒருத்தி ஒன்றை மறைக்க வேண்டுமானால், தேவையில்லாத பத்து விஷயங்களைப் பேசி அதை மூடிவிடுவாள். என்னைப் போன்றவளிடம் போர்த்தி மூடுவதற்குத் துணியே கிடையாது. நான் மறைத்தால், ஒன்றை மறைக்கிறேன் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

இது புரியாமல்தான் என் அண்ணன் சரவணன் என்னைத் தேர்ந்தெடுத்தார். நியூசிலாந்தில் மின்பணியாளராக இருக்கும் அவர், நான்கு ஆண்டுகளாக வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தபோதும் விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை. அண்ணனைச் சுட்டது அதுதான். பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் கேமரன்மலைக்கு வந்திருந்த வாரத்தில் அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"சனிக்கிழமை வர்றேன். அம்மாகிட்ட சொல்லாத. அப்பாகிட்டயும் சொல்லாத, அவரு அம்மாகிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. ஒன்கிட்ட சொன்னா கெணத்துல கல்லப் போட்ட மாதிரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என்னையப் பாக்கறப்ப அம்மா மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். அதுக்குத்தான் டிக்கெட்டு."

ஒரு முகத்துக்காக ஒருவர் கடல் தாண்டி வருகிறார். இலக்கிய மாணவிக்கு இதைவிட உயர்ந்த பொறுப்பு எது? உயிரே போனாலும் வாய் திறப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். (உயிர் போகவில்லை. மானம்தான் போனது.)

முதல் சிக்கல் கைப்பேசி. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயம் இருப்பது ஒரு பள்ளத்தில். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போகும். ஒழுங்காகப் பேச வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். வழக்கமாக நான் அங்கே போவதே இல்லை. அந்த வாரம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏறினேன். விமானம், வாடகைக் கார், வரும் நேரம் என்று அண்ணனிடம் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் உறுதி செய்தேன். அவர் இடையிடையே கிண்டல் செய்வார். நான் சிரிப்பேன். பனிமூட்டத்தில் தனியாக நின்று கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கும் பெண்ணைக் குறித்து எங்கள் லயத்தில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. அதைப் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, துணி காயப்போட்டபடியே, எல்லாருக்கும் வழங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் வழங்கவில்லை.

இரண்டாவது சிக்கல், அம்மா. தொழிற்சாலையில் தம்மோடு தேயிலைப் பொட்டலம் கட்டும் தோழியின் வீட்டுத் திருமணத்துக்காக, அவர் அந்தச் சனிக்கிழமை மலையடிவாரத்திலுள்ள தாப்பாவுக்குப் போவதாக இருந்தார். அதைத் தடுத்தாக வேண்டும். பொய் சொல்வது எனக்கு வராது. ஆகவே, பொய் இல்லாத வாக்கியங்களை முதல்நாளே மனத்துக்குள் திருத்தி எழுதிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"அம்மா, சனிக்கிழமை தாப்பாவுக்குப் போகாதீங்க."

"ஏன்?"

"ஒருத்தர் வர்றாரு. நீங்க வீட்டுல இருக்கணும்."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "யாரு?"

"இப்ப சொல்ல முடியாதும்மா."

"அப்பாவும் இருக்கணுமா?"

"இருந்தா நல்லது."

அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பினார். என் வாக்கியங்களின் கட்டுக்கோப்பை எண்ணி நான் பெருமிதம் அடைந்தேன். போதாததற்கு அடுத்த நாள் திரைச்சீலைகளைத் துவைத்தேன், சன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன், அம்மாவிடம் மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டச் சொன்னேன். (ஒரு பெண் தன் காதலை இதைவிடத் தெளிவாக வீட்டில் அறிவித்ததாக வரலாறு இல்லை.) அன்று மாலை, காய்கறி லாரி ஓட்டிவிட்டு வந்த அப்பா, காலணியைக் கழற்றிக்கொண்டே, "படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "ம்," என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு யாராவது வந்தால், பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் அவர்களை எதிர்கொள்வதில்லை. தாய்மாமன் முன்னால் உட்கார வேண்டும். கோயில் தலைவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாரியம்மன் கோயிலின் சிவப்பு நாற்காலிகள் வாசலில் வரிசையாகப் போடப்பட வேண்டும். கோயிலிலிருந்து நாற்காலி நகர்ந்தால் லயம் முழுக்கக் குளித்துத் தயாராகிவிடும்.

சனிக்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது, வாசல் கூரையின்கீழ் சிவப்பு நாற்காலிகள் அடுக்கு அடுக்காக இறங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அண்ணன் வருவது தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மாவின் முகத்தை ஆராய்ந்தேன். மகனை எதிர்பார்க்கும் தாயின் முகமாக அது இல்லை. வரி கட்டச் சொல்லி ஆள் வருவதைப் போல இறுகியிருந்தது. கேசரி கிண்டும்போது கரண்டியால் சட்டியை அடித்துக்கொண்டிருந்தார்.

ரிங்லெட்டில் பூத்தோட்டம் வைத்திருக்கும் மாமா, பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்பாப்பா, பையன் என்னா வேல செய்றான்?"

"எந்தப் பையன் மாமா?"

"அட, வெக்கத்தப் பாரு," என்றார் லெட்சுமி அக்கா. "வாரம் பூரா தொட்டி மேட்டுல யாருகிட்ட பேசின? தண்ணிகிட்டயா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கோயில் தலைவர் வெற்றிலைத் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சிறு பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். இவ்வளவும் எனக்கு. இல்லாத ஒருவனுக்கு.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'வருவது அண்ணன்' என்று சொன்னால் என் மானம் மீளும். ஆனால் அண்ணன் கேட்ட அந்த முகம் அங்கேயே, கேசரிச் சட்டிக்கு முன்னால், அவர் இல்லாமலே மலர்ந்து முடிந்துவிடும். வாயைத் திறந்தேன். மூடினேன். அண்ணனை எச்சரிக்கவாவது செய்யலாமென்று, அத்தனை பேரின் கண்ணெதிரே, தொட்டி மேட்டை நோக்கி ஓடினேன்.

"போ போ," என்றார் லெட்சுமி அக்கா. "எங்க வந்துட்டாருன்னு கேட்டுட்டு வா."

மேட்டில் அண்ணனின் செய்தி காத்திருந்தது. வார இறுதியில் ஸ்ட்ராபெரி பறிக்க வரும் கூட்டத்தால் மலைச்சாலை முழுக்க வாகனங்கள் அசையாமல் நிற்கின்றனவாம். காரை அனுப்பிவிட்டு, தோட்டத்தின் உட்பாதையில் வரும் ஒரு லாரியில் ஏறிவிட்டாராம். நான் திரும்ப அழைத்தேன். லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது போலும், இணைப்புக் கிடைக்கவில்லை.

இறங்கி வந்ததும் மாமா கேட்டார். "என்னா சொல்றாரு?"

"வழியில ஜேம். லாரியில வர்றாரு."

மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"என்னா லாரி?"

"கோஸ் லாரி," என்றேன். (துல்லியம் என் பிறவிக் கோளாறு.)

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கோஸ் லாரியில வர்றவனுக்கா நம்ம புள்ளயக் குடுக்கறது?"

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கோஸ் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பா, மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"மச்சான், நான் ஒங்களச் சொல்லல," என்றார் மாமா.

"பரவால்ல லா," என்றார் அப்பா. "ஒங்க தங்கச்சிக்கு ஏற்கெனவே ஒண்ணு அப்படித்தான் வாச்சிருக்கு."

அந்நேரம் மழை தூறத் தொடங்கியது. தூறலோடு பனியும் லயத்துக்குள் இறங்கியது. அதற்குள்ளிருந்து லாரி உறுமியபடி வந்து நின்றது. முன்னிருக்கையில் ஓட்டுநரும் அவர் மனைவியும் பிள்ளையும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்புறத்தில், கோஸ் கூடைகளுக்கு நடுவிலிருந்து, ஓர் உருவம் குதித்தது. ஓட்டுநர் இரவல் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு முழங்கால்வரை தொங்கியது. தலையில் அதன் முக்காடு, முகத்தில் முகக்கவசம், அதற்கு மேலே மூக்குக்கண்ணாடி, கீழே எட்டிப் பார்க்கும் தாடி. கண்ணாடியும் தாடியும் எனக்கே புதியவை. உடம்பும் இரண்டு சுற்று கூடியிருந்தது. தோளில் ஒரு கோஸ் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் வாசலைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். தமக்கு இவ்வளவு பெரிய வரவேற்பா என்று ஒரு கணம் திகைத்து, பிறகு ரகசியம் உடைந்துவிட்டதோ என்று என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையசைத்தேன். அம்மா வெளியே வரும்வரை பேச வேண்டாமென்று முடிவு செய்து, கைகளை மட்டும் கூப்பினார்.

"பணிவாத்தான் இருக்கான்," என்று தலைவரின் காதில் மாமா சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஒக்காருங்க தம்பி."

அப்பா அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கடைசி வரிசை நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. இந்த மௌனம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

அம்மா தட்டோடு வந்தார். மாம்பழ நிறச் சேலை, கேசரிக் கிண்ணங்கள், சூடான தேநீர். வந்தவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்ற தீர்மானம் அவர் நடையிலேயே தெரிந்தது. தட்டை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டி, கேசரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். இரவெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு அது.

"தம்பி, நீங்க நல்ல புள்ளயா இருக்கலாம். எம்மவ பேசாதவ. அவளே ஒருத்தர வரச் சொல்லியிருக்கான்னா ஒங்ககிட்ட ஏதோ நல்லது இருக்கும். ஆனா அவ படிச்சு முடிக்கணும். அப்புறம் இன்னொண்ணு. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான், வெளிநாட்டுல. அவன் இல்லாம இந்த வீட்டுல எந்த நல்ல காரியமும் பேச மாட்டோம். அவன் எப்ப வருவான்னு தெரியாது. எத்தன வருசம் ஆனாலும் சரி. அவன் வந்தப்புறம் வாங்க. இப்பத் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

மழை வலுத்தது; கூரைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் வீடுகளுக்கு ஓடிவிட்டார்கள். லாரியின் கூடைகளில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. அண்ணன் முகக்கவசத்தை இறக்கினார். நகைச்சுவையாக ஏதோ சொல்லத்தான் முயன்றிருப்பார், வந்தது இவ்வளவுதான்.

"வந்துட்டேன்ம்மா."

அம்மா நிமிர்ந்தார்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். இரண்டடி தொலைவில், எந்தத் தடையும் இல்லாமல் பார்த்தேன். மறுகணம் தட்டு மாமாவின் மடியில் இருந்தது, பட்டு வேட்டியில் தேநீர் இருந்தது, அம்மாவின் இரண்டு கைகளும் மஞ்சள் மழைக்கோட்டை அடித்துக்கொண்டிருந்தன. "மூதேவி, மூதேவி" என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. அடித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒன்னையக் கேட்டு யாரும் வரலியா?"

"இல்லம்மா."

அம்மா நாற்காலிகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அதில் நிம்மதியைவிட ஏமாற்றமே சற்றுக் கூடுதலாக இருந்ததாக என் கணிப்பு. மாமா வேட்டியைப் பிழிந்துகொண்டே, "வந்தது வந்துட்டோம், இவனுக்காச்சும் ஒரு பொண்ணு பாப்போம் லா," என்று கேசரியை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி இருந்தார்.

"தேத்தண்ணி ஆவி. கண்ணாடி பூரா மூடிருச்சு. நான் ஒண்ணையும் பாக்கல. அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

மழை வலுத்ததும் ஓடிப்போனவர்களுக்குக் கதையின் பிற்பகுதி தெரியாது. தானா ராத்தா சந்தையில் இன்றைக்கும் யாராவது ஒருவர், அந்தக் கோஸ் லாரிப் பையனை வேண்டாமென்று சொன்னது சரியில்லை என்று எனக்குப் புத்தி சொல்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அண்ணனைத்தான் சமாளிக்க முடியவில்லை. நியூசிலாந்திலிருந்து அழைக்கும்போதெல்லாம், நலம் விசாரித்து முடித்ததும் அதே கேள்வியைக் கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவேன். முதலில் புருவம் என்பேன். இல்லை, அதற்கு முன்னால் வாய் என்று திருத்துவேன். சரியான சொல்லுக்காக நான் தயங்கி நிற்கும் இடத்தில், அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்.

"அவகிட்டப் போயி கேக்கறியே. வாசல்ல வந்து நின்னவனையே யாருன்னு சொல்லாதவ."