கம்முனு அண்ணன் யாரிடமும் சொல்லாத விமானம்

கோயம்புத்தூரில் வாயைத் திறக்காமலே வியாபாரம் செய்து பிழைத்த ஒரே மனிதர் கம்முனு அண்ணன்தான். விமான டிக்கெட் போட்டுத் தருவது அவர் தொழில். யார், எங்கே, எப்போது போகிறார்கள் என்று கேட்காமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. கேட்பார். கேட்டது அவரோடு சரி.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறை, ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் எனக்கு ஓர் அறை. நடுவில் பலகைத் தடுப்பு. வெளியே இருவருக்கும் பொதுவாக ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன். யார் எதைக் கேட்டாலும் "கம்முனு இருங்க" என்பார், அதுவே பெயராகிவிட்டது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்று தெரிந்த அன்றே வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அதுல என் பேரு வருதுங்களா?"

"வருமுங்ணா. பக்கத்து ரூம்ல இருக்கறீங்களே."

"எதுக்குங்க வரோணும்?"

அன்றிலிருந்து கம்முனு என்றே எழுதிவந்தேன். போன வருடம் அறையைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று கேட்காதீர்கள். சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்?

பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஒருவர் பெயர் இன்னொருவருக்கு ஏன் தெரிய வேண்டும்? அதனால் ஆளுக்குப் பிடித்த இருக்கையை வைத்துக் கூப்பிடுவார். "ஜன்னல், உள்ள வாங்க. நடைபாதை, கொஞ்சம் பொறுங்க." சர்க்கரை வியாதி உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எப்போதும் பின்னால் இடம் கேட்பவர். ஒருநாள் பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "பாத்ரூம் பக்கம், வாங்க!" என்று குரல் வந்தது. ஆசிரியர் எழுந்து, "என் பேரையே சொல்லிப்போடுங்க, பரவாயில்லீங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு மனிதர் எப்படி முளைத்தார் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் உடுமலை வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் நம் சம்பளம், பிள்ளைகளின் மார்க், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அத்தனை மரியாதையாகக் கேட்டு வாங்கிவிடுவார். இவரோ, விமானக் கம்பெனியின் செயலி ஒன்று அனுமதி கேட்டதற்கே என் அறைக்கு ஓடிவந்தார்.

"அம்மணி, பாருங்க இந்தக் கொடுமைய. போன்ல இருக்கற நம்பர் பூராம் பாக்கலாமான்னு கேக்குதுங்க. இவன் ஏரோப்ளேன் ஓட்டறானா, பொண்ணு பாக்க வந்திருக்கானா?"

"எல்லாரும் சரின்னு அமுக்கறதுதானுங்ணா."

"பாஸ்போர்ட் கேக்கறான், சரிங்க. லேட்டானா சொல்றதுக்கு நம்பர் கேக்கறான், அதும் சரிங்க. கல்யாண நாள் எதுக்குங்க? வந்து மொய் வெக்கப் போறானா?"

பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் முதல் தடவை விமானம் ஏறும் சந்தோஷத்தில் போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். அடுத்த நிமிடம் தடுப்புக்கு அப்பாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்தப் படத்தை எடுத்துப்போடுங்க."

ஸ்பீக்கரில் மண்டிக்காரர் சிரித்தார். "நம்ம ஆளுங்க மட்டுந்தானுங்க பாக்கறாங்க."

"நம்ம ஆளுங்கன்னா எத்தனை பேருங்க?"

"மண்டி குரூப்பு, சந்தை குரூப்பு, குலதெய்வக் கோயில் குரூப்பு…"

"அத்தன பேருக்கும் உங்க ஊடு பூட்டிக் கெடக்குதுன்னு இப்பத் தெரியுமுங்க. அதுல இருக்கற நம்பரையும் பேரையும் வெச்சு எவன் வேணாலும் உங்க டிக்கெட்டுக்குள்ள பூந்து பாக்கலாமுங்க. நீங்க சாப்பாட்டுக்கு என்ன சொல்லியிருக்கீங்கன்னுகூடத் தெரியும்."

மண்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சிக்கன் சொன்னது ஊட்டுல தெரியாதுங்க." படம் உடனே மறைந்தது.

பெட்டியில் ஒட்டும் விமான டேக் அவருக்கு ஜென்மப் பகை. ஒரு கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் விமானத்தில் வந்து இறங்கி, மண்டபத்து அறையில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டேக்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமா பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, எங்க பெட்டில என்ன பண்றீங்க?"

"தோலு உரிக்கறேனுங்க. உங்க பேரும் வந்த வழியும் இதுல இருக்குதுங்க."

திருடன் என்று பிடித்து இழுத்துப் போனார்கள். பெண்ணின் அப்பா வந்து, "டிக்கெட் போட்டவருங்க, அப்படித்தானுங்க இருப்பாரு" என்று மீட்டார். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இவ்வளவும் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன், உடுமலைக் கொப்பரை வியாபாரி ஒருவர் மாடியேறி வரும்வரை. வருடந்தோறும் ஊரையே திரட்டிக் காசிக்குக் கூட்டிப் போகிறவர் அவர். அத்தனை டிக்கெட்டும் அண்ணனிடம்தான். அண்ணனின் வாடகைக்கே அந்தக் கூட்டம்தான் ஆதாரம். அன்று தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"எம்புள்ள இங்க வந்துதுங்களா?"

"எந்தப் புள்ளைங்க?"

"நர்சு வேலைக்கு அயர்லாந்து போறேன்னு நிக்குதுங்க. மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு, வேண்டாம்னு சொல்லிப்போட்டுத் தோழி ஊட்டுல போய் இருக்குது. எந்த பிளைட்டுன்னு சொல்லுங்க. ஏர்போர்ட்டுல போய்க் கூட்டிட்டு வந்துபோடறேன்."

"தெரியலீங்க."

"உங்ககிட்டத்தான் போட்டிருக்கும். வேற யாரைத் தெரியும் அதுக்கு?"

"தெரியலீங்க."

"காலைல பிளைட்டுதானுங்களே?"

"காலைலயும் இருக்குதுங்க, சாயந்தரமும் இருக்குதுங்க."

"நான் பெத்தவனுங்க!"

"இருக்கட்டுங்க. டிக்கெட் அவங்களோடதுங்க."

பெரியவர் எழுந்தார். "அப்பக் காசிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அண்ணன், "பாத்துக்கங்க" என்றார்.

பெரியவர் வாசல்வரை போனார். அதற்கு மேல் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "போனை எடுக்க மாட்டேங்குதுங்க" என்றார், யாரிடம் என்று தெரியாமல். அதட்டல் எல்லாம் போய்விட்டிருந்தது.

அண்ணன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்த் திரும்பினார். "நான் யாருக்கும் போன் பண்ணலீங்க. யாரும் எங்கிட்ட எதும் சொல்லலீங்க. நீங்க சித்த நேரம் இங்க உக்காந்திருந்தா உங்க போன் அடிச்சாலும் அடிக்கும். அடிக்காமயும் போகும். அது அவங்க இஷ்டமுங்க."

நான் தண்ணீர் கொடுத்தேன். பெரியவர் குடிக்காமல் வைத்திருந்தார். நாங்கள் மூவரும் அந்தக் கைப்பேசியையே பார்த்தோம். அது அடித்தது.

"கண்ணு…" என்றார் பெரியவர். திட்டத்தான் வாயெடுத்தார். வரவில்லை. "சாப்ட்டியா கண்ணு?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எப்பக் கண்ணு கெளம்பறே?" என்றார்.

அவ்வளவுதான். அண்ணன் பதறி என்னையும் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "வாங்க அம்மணி, கம்முனு வாங்க."

"நீங்க போட்ட டிக்கெட்தானுங்ணா!"

"அவங்க அப்பங்காரருகிட்டச் சொல்றாங்க. நமக்கு எதுக்குங்க?"

கீழ்ப்படியில் நின்று பட்டுக்கடை வாசலை வேடிக்கை பார்த்தோம். வெகுநேரம் கழித்துப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தார். அண்ணனுக்கு நேரே நின்றார்.

"ஏனுங்க, பெட்டி எத்தனை கிலோ உடுவாங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது பொது விஷயமுங்க, சொல்லலாம்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இருபத்து மூணு கிலோவுங்க, டிக்கெட்டைப் பொறுத்து ஒண்ணா ரெண்டான்னு மாறுமுங்க, ஊறுகாயைப் பெரிய பெட்டில நல்லா இறுக்கிக் கட்டி வெக்கோணுமுங்க, கைப்பெட்டில வெச்சா எடுத்துப்போடுவாங்க, குளிருக்குக் கம்பளி மேலாப்புல இருக்கட்டும், கொப்பரை மட்டும் வேண்டாமுங்க, எண்ணெய் இருக்கறதால தீப்பிடிக்கும்னு உட மாட்டாங்க.

"நம்ம கொப்பரையவா?" என்று பெரியவர் கோபப்பட்டார்.

"யாரோட கொப்பரையா இருந்தாலும்ங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். அண்ணனின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

நாங்கள் மாடியேறி அவரவர் அறைக்குப் போனோம். சிறிது நேரத்தில் பலகைத் தடுப்புக்கு அப்பால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அங்கே அண்ணனைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் எழுந்துபோய், சத்தம் போடும் என் பழைய மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டேன்.